துருவும் துத்தநாகமும்: ஓர் அடிச்சட்டத்தின் வரலாறு

மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி, மானேபஞ்சாங் என்னும் மலையூர் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ முகட்டுக்கு ஏறிச் செல்லும் பாதை செங்குத்தானது. கல்லும் சேறும் நிறைந்தது. அப்பாதையில் பயணிகளையும் பண்டங்களையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்து சென்றவை, 1950-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள். அவற்றைக் காண்போர் முதலில் வியப்பது ஒன்று உண்டு. இத்தனை மழைக்கும் பனிக்கும் பிறகும் அவற்றின் மேற்கூடு துருப்பிடிப்பதில்லை. அது அலுமினியக் கலவையால் ஆனது. ஆனால் அந்தக் கூட்டை அடியில் நின்று தாங்குவது எஃகு. எஃகோ துருவுக்கு இரையாவது.

இத்தகைய பழைய வண்டிகளைப் பேணி வருவோர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களுள் பலர் ஒரு காலத்தில் ஒரு பெரிய வேலையை மேற்கொள்ள நேர்கிறது. வண்டியின் மேற்கூடு, எந்திரம், சக்கரங்கள் ஆகிய அனைத்தையும் கழற்றி, துருவேறிய அடிச்சட்டத்தை நீக்கிவிட்டு, துத்தநாக முலாம் பூசிய புதிய சட்டத்தின்மீது அவை யாவற்றையும் திரும்பவும் பொருத்துவதே அவ்வேலை. பட்டறைகளில் 'சேசிஸ் மாற்றுதல்' என்று இதனைச் சொல்வார்கள். முலாம் பூசினால் சட்டம் நெடுநாள் உழைக்கும் என்பது இன்று கண்டறியப்பட்ட புதுமை அன்று. அவ்வண்டி பிறந்தபோதே அதனைச் செய்தவர்கள் அறிந்திருந்த செய்தி அது. அறிந்திருந்தும் ஏன் செய்யாது விட்டார்கள் என்பதையே இவ்வுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

அடிச்சட்டம் என்பது யாது? கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை மனத்தில் கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். நீளவாட்டில் இரண்டு நெடுஞ்சட்டங்கள். அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் சில. மேற்கூட்டைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கைகள் சில. எந்திரம் அமர்வது இதன்மீது. சக்கரங்களின் அச்சுகள் ஸ்பிரிங் பட்டைகளின் வழியே இணைந்திருப்பது இதனோடு. பாரம் முழுவதும் இதன் தலையிலேயே விழுகிறது. இக்காலத்துச் சிறு கார்களில் இவ்வாறு தனியாக ஒரு சட்டம் இருப்பதில்லை. கூடே சட்டமாகவும் அமைந்துவிடுகிறது. லாரிகளிலும் ஜீப் போன்ற வண்டிகளிலும் மட்டும் சட்டம் வேறு, கூடு வேறு. அவை இரண்டும் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவையாதலின், ஒன்றை விடுத்து மற்றொன்றை மாற்றுவதும் இயலுவதாகிறது.

இனி 1947 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. போரில் வென்ற நாடாயினும் அதன் கருவூலம் வறண்டிருந்தது. எஃகு தட்டுப்பாடு மிகுதியாக இருந்தது. வெளிநாடுகளுக்குப் பொருள் ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே எஃகை முதற்கண் வழங்குவது என்பது அரசின் கொள்கை. ரோவர் நிறுவனம் போருக்கு முன்னர் வசதி படைத்தோர் வாங்கும் கார்களைச் செய்து வந்தது. போரழிவுக்குப் பிறகு அத்தகைய கார்களுக்கு வெளிநாடுகளில் பெருஞ்சந்தை கிடைப்பது அரிதாயிற்று. சோலிஹல் என்னும் ஊரில் இருந்த அதன் பெரிய தொழிற்சாலைக்கு வேலை தேவைப்பட்டது.

அந்நிறுவனத்தின் பொறியியல் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். அவருக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸீ தீவில் ஒரு பண்ணை இருந்தது. அப்பண்ணையில் அவர் பயன்படுத்தியது போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்று. உழவனுக்கு ஏற்ற இத்தகைய வண்டியை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அவருடைய தமையனாராகிய ஸ்பென்சர் வில்க்ஸ் நிறுவனத்தின் நிருவாக இயக்குநராக இருந்தார். 1947 இல் ஒரு ஜீப்பின் சட்டத்தின்மீதே முதல் மாதிரி உருவாயிற்று. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் ஜீப்பிற்கு இருந்ததுபோலவே 80 அங்குலமாக அமைந்தது.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நெடுங்காலம் நிலைக்கப் போகும் வண்டி என்று அப்போது எவரும் இதனைக் கருதவில்லை. கார் வாணிகம் பழைய நிலைக்குத் திரும்பும் வரையில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தொழிற்சாலையை ஓட்டிச் செல்ல உதவும் இடைக்கால ஏற்பாடாகவே இது தொடங்கப்பட்டது. ஆகவே விலையுயர்ந்த அச்சுகளும் பெரிய அழுத்து எந்திரங்களும் வாங்காமல், உள்ளதைக் கொண்டே காரியத்தை முடித்தனர். மேற்கூட்டுக்கு எஃகுக்குப் பதிலாக, பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவைத் தகடு. அதையும் கையால் எளிதில் மடிக்கத்தக்க தட்டையான வடிவங்களாகவே அமைத்தனர். அடிச்சட்டத்துக்கோ, நான்கு தட்டை எஃகுப் பட்டைகளை விளிம்போடு விளிம்பு பற்றவைத்துப் பெட்டிபோன்ற உள்ளீடற்ற சட்டமாக ஆக்கினர். வறுமையில் பிறந்த உபாயமாயினும் அது உறுதியான உபாயம். முறுக்கைத் தாங்குவதில் திறந்த வாய்ச் சட்டத்தைவிடப் பெட்டிச் சட்டம் வலிமை மிக்கது.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. பேரளவு உற்பத்திக்கு முன்னதாக, சோதனைக்கென 48 வண்டிகளைச் செய்யத் திட்டமிட்டிருந்தனர். அந்த முன்னோடி வண்டிகளின் அடிச்சட்டங்களுக்குத் துத்தநாக முலாம் பூசப்பட்டிருந்தது. ஆனால் விற்பனைக்கான உற்பத்தி தொடங்கியபோது முலாம் கைவிடப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டுச் சட்டத்துக்கு வர்ணப் பூச்சே போதும் என்று முடிவு செய்யப்பட்டது. வியப்பு என்னவென்றால், வண்டியின் பின்தொட்டியின் விளிம்புகளில் பொருத்திய மெல்லிய பட்டைகளுக்கு மட்டும் முலாம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் துத்தநாகம். பாரத்தைச் சுமக்கும் சட்டத்துக்கு வர்ணம்!

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு என்று பிறந்த அவ்வண்டி பின்னர் என்ன ஆயிற்று? 1958 இல் அதன் இரண்டாம் வரிசை வந்தது. 1971 இல் மூன்றாம் வரிசை. 1983 முதல் சுருள் ஸ்பிரிங்குகள் பொருத்திய புது வடிவம் வெளிவந்தது; 1990 இல் அதற்கு டிஃபெண்டர் என்று பெயரிட்டனர். இடையில் நிறுவனம் பல கைகள் மாறி, 2008 இல் நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸின் உடைமையாயிற்று. 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி வெளிவந்தபோது, மொத்த எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்திருந்தது. 68 ஆண்டுகள் நீடித்தது அந்த இடைக்கால ஏற்பாடு! அவ்வளவு காலமும் வழக்கமான உற்பத்தியில் அடிச்சட்டத்தைக் காத்து நின்றது வர்ணப் பூச்சே.

வர்ணம் எஃகைக் காப்பதில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். காக்கும், அது முழுமையாக இருக்கும் வரையில் காக்கும். இரும்புக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் துரு தோன்றும். உப்பும் உடன் சேர்ந்தால் அது விரையும். இங்கிலாந்தின் சாலைகளில் குளிர்காலத்தில் உறைபனியைக் கரைப்பதற்கு உப்பைத் தூவுகின்றனர். சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புச் சேறு அடிச்சட்டத்தின் துளைகள் வழியே உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. பெட்டிச் சட்டத்தின் வலிமைக்குக் காரணமான அதே மூடிய வடிவம் இங்கே அதற்குப் பகையாகிறது. வெளிப்புறத்தை ஆண்டுதோறும் துடைத்து வர்ணம் அடிக்கலாம். உட்புறத்துக்குத் தூரிகை எட்டாது. துரு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேலும், துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. ஆதலால் இரு தகடுகள் பொருந்தும் இணைப்பில் துரு தோன்றினால், ஆப்பு அடித்ததுபோல் அவற்றைப் பிளந்துவிடும்.

அலுமினியக் கூடும் எஃகுச் சட்டமும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மற்றொரு தீங்கும் விளைந்தது. இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிறது. எளிதில் கரையும் இயல்புடைய உலோகம் அதில் அரிபடும். எஃகோடு சேரும்போது அவ்வாறு அரிபடுவது அலுமினியம். துருப்பிடிக்காத கூடு என்று புகழப்பட்டது, தன்னைத் தாங்கும் சட்டத்தைத் தொட்ட இடத்தில் வெண்பொடியாக உதிர்ந்தது.

அனுபவம் மிக்க பட்டறைக்காரர் ஒரு சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லிவிடுவார். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். நைந்துபோன எஃகு சொத்தென அடங்கும். பின்புறக் குறுக்குச் சட்டம், பக்கக் கைகள், ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்கள் ஆகியவையே முதலில் நைவன. ஸ்பிரிங் பிணைப்பு நைந்தால் ஓடும் வண்டியில் அச்சு இடம்பெயரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் 1960 முதல் பழைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமாயிற்று. துரு அப்போது அழகைப் பற்றிய குறையாக மட்டும் இல்லாமல், வண்டி சாலையில் ஓடலாமா கூடாதா என்ற வினாவாகவே மாறியது. நைந்த இடங்களில் ஒட்டுத் தகடுகளைப் பற்றவைத்துச் சில ஆண்டுகளைத் தள்ளலாம். ஆனால் பற்றவைக்கும் சூடு அருகிலுள்ள பூச்சை எரித்துவிடுவதால் ஒட்டின் ஓரத்திலேயே புதுத் துரு தொடங்கும். முடிவில் ஒட்டுகளே மிகுந்து சட்டம் குறைந்துபோகும். அந்நிலையில்தான் உடையவர்கள் முலாம் பூசிய புதுச் சட்டத்தை நாடினர். 1948 இல் 48 வண்டிகளுக்காகத் திட்டமிட்டுப் பின்னர் கைவிட்டதையே, பின்வந்த உடையவர்கள் தம் பொருளைச் செலவிட்டு மீட்டுக்கொண்டனர்.

அந்த முலாமுக்கு உரிய உலோகத்தின் கதை இங்கிலாந்தில் தொடங்கவில்லை; நம் நாட்டிலேயே தொடங்குகிறது. துத்தநாகம் என்று நாம் தமிழில் வழங்கும் சொல்லோடு உறவுடையதாகவே, போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் கீழ்த்திசை வாணிகத்தில் 'டூடெனேக்' என்ற பெயரை வழங்கினர். ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலைகளின் நடுவில் ஜாவர் என்னும் இடம் உள்ளது. முற்காலத்து மேவார் நாட்டைச் சேர்ந்தது அது. அங்கே ஏறத்தாழ 12 ஆம் நூற்றாண்டிலிருந்து 18 ஆம் நூற்றாண்டு வரையில் பேரளவில் துத்தநாகம் வடித்தெடுக்கப்பட்டது.

'வடித்தெடுத்தல்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரும்பையும் செம்பையும்போல இந்த உலோகத்தை உலையில் உருக்கிப் பிரிக்க இயலாது. துத்தநாகம் சுமார் 420 பாகை வெப்பத்தில் உருகும். 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதனைப் பிரிப்பதற்கோ அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். எனவே அது பிறக்கும்போதே ஆவியாகவே பிறக்கிறது. அந்த ஆவி காற்றைத் தொட்ட கணமே எரிந்து வெண்பொடியாகிவிடுகிறது. இந்த இடர்ப்பாட்டை ஜாவர் மக்கள் வென்ற விதம் வியக்கத்தக்கது. கத்தரிக்காய் வடிவில் களிமண் குடுவைகளைச் செய்தனர். வறுத்த தாதுவையும் கரிப்பொருளையும் அவற்றில் அடைத்தனர். ஆவி இறங்குவதற்கு வழி அமையும்பொருட்டு நடுவில் ஒரு குச்சியைச் செருகினர். குடுவைகளை வாய் கீழ்நோக்கித் தொங்குமாறு, வரிசைக்கு ஆறாக 36 குடுவைகளை ஓர் உலையில் அடுக்கினர். மேலறையில் நெருப்பு, கீழறையில் குளிர்ச்சி. குச்சி எரிந்து போன வழியே ஆவி கீழிறங்கி, காற்றுப் படாமல் குளிர்ந்து, துளித்துளியாக உலோகமாயிற்று. 'ரசரத்ன சமுச்சயம்' என்னும் வடமொழி நூலிலும் கத்தரிக்காய் வடிவக் குடுவை பேசப்படுகிறது.

ஜாவரில் ஒரு முறை பயன்பட்ட குடுவைகள் மறுமுறை பயன்படா. அவை மலைபோல் குவிந்தன. அவ்வூரார் அவற்றைக் கொண்டே வீட்டுச் சுவர்களைக் கட்டினர். 1980-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தாரும் பரோடாப் பல்கலைக்கழகத்தாரும் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய அகழாய்வில் குடுவைகள் அடுக்கியபடியே உலைகள் வெளிப்பட்டன. 1988 இல் அமெரிக்காவின் உலோகவியல் சங்கம் ஒன்று ஜாவரை வரலாற்றுச் சிறப்புடைய இடமாக ஏற்றுப் போற்றியது. பழைய உலைகள் அணைந்துபோய் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1966 இல் இந்துஸ்தான் ஜிங்க் அரசு நிறுவனமாகத் தோன்றியது. உதயப்பூரை அடுத்த தேபாரியில் அதன் உருக்காலை எழுந்தது. 2002 இல் அந்நிறுவனத்தின் நிருவாகம் தனியார் வசம் சென்றது.

ஐரோப்பாவில் இவ்வுலோகத்தை வடிக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738 இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையிலும் ஆவி கீழ்நோக்கியே இறங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1742 இல், பால் ழாக் மாலுவேன் என்னும் பிரெஞ்சு வேதியியலார், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்துப் பூசும் வழியைப் பாரிஸ் அறிவியற் கழகத்தில் விளக்கினார். ஆயினும் அது தொழிலாக வளர மேலும் 95 ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது. 1837 இல் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலியின் பொலோன்யா நகரில் தவளையின் கால்களை வைத்து மின்சாரத்தை ஆராய்ந்த லூயிஜி கால்வானியின் பெயரால் இம்முறை 'கால்வனைஸ்' என்று வழங்கலாயிற்று. நாம் கடையில் 'ஜி.ஐ. குழாய்' என்று கேட்டு வாங்கும்போது, முதல் எழுத்தில் குறிப்பிடுவது அந்தக் கால்வானியையே.

தவளையின் காலுக்கும் குழாயின் துருவுக்கும் என்ன தொடர்பு? நாம் முன்னர்க் கூறிய மின்கலமே தொடர்பு. இரும்பும் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிபடுவது துத்தநாகம்; இரும்பு தப்பிவிடுகிறது. 1824 இல் ஹம்ப்ரி டேவி இதே நியதியைக் கொண்டு கப்பல்களைக் காக்க முயன்றார். போர்க்கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகட்டைக் கடல்நீர் அரித்து வந்தது. அதனோடு துத்தநாகத்தையும் இரும்பையும் சிறு துண்டுகளாகப் பொருத்தினார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் கரையாத செம்பின்மீது கடற்பாசியும் சிப்பியினங்களும் அச்சமின்றி ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. அதனால் கப்பலில் அம்முறை கைவிடப்பட்டது. நியதி பொய்க்கவில்லை, பயன்படுத்திய இடமே பொருந்தவில்லை. இரும்புத் தகட்டிலும் வாளியிலும் குழாயிலும் அது பொருந்தி நின்றது.

வர்ணத்துக்கும் முலாமுக்கும் உள்ள வேறுபாடு இதனால் தெளிவாகும். வர்ணம் இரும்பை மூடி மறைப்பது; அதில் கீறல் விழுந்தால் கீறலின் வழியே துரு நுழைந்து பூச்சுக்கு அடியில் பரவும். துத்தநாகமும் மூடி மறைப்பதே. ஆனால் கீறல் விழுந்தாலும் சுற்றிலும் உள்ள துத்தநாகம் தான் கரைந்து அவ்விடத்து இரும்பைக் காக்கும். மேலும் அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் மின்னியல்பில் வேற்றுமை குறைவாகையால், முலாம் பூசிய சட்டத்தின்மீது அமரும் அலுமினியக் கூடும் முன்போல் அரிபடுவதில்லை.

அடிச்சட்டத்துக்கு முலாம் பூசுவது எவ்வாறு என்பதையும் சிறிது காண்போம். புதிதாகப் பற்றவைத்த சட்டத்தை முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டு எண்ணெய்ப் பசையைப் போக்குவர். அடுத்து அமிலத் தொட்டியில் இட்டு ஆலைச் செதிலையும் துருவையும் நீக்குவர். பிறகு துத்தநாகக் குளோரைடும் நவச்சாரமும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்துவர். இறுதியில் ஏறக்குறைய 450 பாகை வெப்பமுள்ள உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுச் சட்டத்தையும் மெல்ல இறக்குவர். அங்கே துத்தநாகம் மேலே ஒட்டிக்கொள்வது மட்டுமன்று. இரும்போடு கலந்து பல அடுக்குகளாக ஒன்றிவிடுகிறது. ஆகவேதான் அது வர்ணம்போல் உரிந்து விழுவதில்லை.

இதில் உயிர்நாடியானது சட்டத்தில் இடும் துளைகள். மூடிய பெட்டியில் ஈரமோ காற்றோ சிக்கியிருந்தால் அந்த வெப்பத்தில் அது விரிந்து சட்டத்தையே வெடிக்கச் செய்யும். எனவே காற்று வெளியேறவும், துத்தநாகம் உள்ளே பாய்ந்து வடியவும் தக்க இடங்களில் துளைகள் வேண்டும். அத்துளைகளின் வழியே பாயும் துத்தநாகம், தூரிகை ஒருநாளும் எட்டாத உட்சுவரையும் பூசிவிடுகிறது. துரு பிறந்த இடத்துக்கே காவல் சென்று சேர்கிறது. பழைய சட்டத்தையே தோய்த்தால் என்ன என்று சிலர் வினவுவர். உள்ளே படிந்த சேறும் எண்ணெயும் துருவும் இணைப்புகளின் இடுக்கிலிருந்து முற்றும் நீங்காவிடில் முலாம் அங்கே பிடிக்காது. நைந்த எஃகுக்கு முலாம் வலிமையைத் திருப்பித் தருவதும் இல்லை. ஆதலால்தான் புதுச் சட்டத்தை நாடுகின்றனர்.

மாற்றும் வேலையில் பொறுமையே முதற் கருவி. இறுகிய போல்ட்டுகளுக்குப் பல நாள் முன்னதாகவே எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். அப்போதும் அசையாதவற்றை அறுத்தே எடுக்க வேண்டும். மின்கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். எரிபொருள் தொட்டியை முதலில் அகற்றி, பின்தொட்டி, கதவுகள், முன்தடுப்பு, எந்திரம், அச்சுகள் என வரிசையாக இறக்குவர். முன்தடுப்பும் எஃகால் ஆனதாகையால் அதன் நிலையையும் அப்போதே பார்த்துக்கொள்வது அறிவுடைமை. வேண்டிய துளைகளையும் தாங்கிகளையும் முலாம் பூசுவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். முலாம் பூசிய பிறகு பற்றவைத்தால் பூச்சுக் கெடுவதோடு, எழும் துத்தநாகப் புகை தொழிலாளிக்குக் காய்ச்சலையும் உண்டாக்கும்.

வேலை முடிந்த வண்டி பழைய வண்டிதானா, புதிய வண்டியா? இது வெறும் தத்துவ வினா அன்று. வண்டியை அடையாளம் காட்டும் எண் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டு, பதிவுச் சான்றிலும் ஏறியிருக்கிறது. சட்டத்தை மாற்றுவது அடையாளத்தையே தொடுவதாகும். நம் நாட்டின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே இத்தகைய வேலையை எண்ணுவோர் பட்டறைக்குச் செல்லும் முன்னர்ப் பதிவு அலுவலகத்துக்குச் சென்று கேட்டுத் தெளிவதே முறை.

முலாம் பூசினால் என்றென்றும் அழிவில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை தடித்த எஃகுக்கு அனைத்துலகத் தரம் கோரும் சராசரிப் பூச்சு 55 மைக்ரான். உள்நாட்டின் மாசற்ற காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே தேயும். அங்கே அப்பூச்சு அரை நூற்றாண்டுக்கு மேலும் நிற்கக்கூடும். உப்புக் காற்று வீசும் கடற்கரையில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரையிலும் தேயலாம். அங்கே பத்து ஆண்டுகளிலேயே இரும்பு வெளிப்படும். தில்லியில் வாழ்பவருக்கு ஒரு கணக்கு; மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கடலருகே வாழ்பவருக்கு வேறு கணக்கு. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய்க்கும் பால்கனிக் கம்பிக்கும்கூட இக்கணக்குப் பொருந்தும். அடிச்சட்டத்தில் ஒட்டிய சேற்றை நல்ல நீரால் அவ்வப்போது கழுவிவிடுவது முலாமின் ஆயுளையும் நீட்டும்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்போம். 1948 இல் முலாம் கைவிடப்பட்டது அறியாமையால் அன்று. துத்தநாகம் இருந்தது, தோய்க்கும் தொட்டி இருந்தது, சோதனை வண்டிகளின் வாயிலாக அனுபவமும் இருந்தது. குறைந்தது காலக் கணக்கு ஒன்றே. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு என்று கருதிய வண்டிக்கு வர்ணம் போதுமானது. அந்த அளவில் அவர்கள் போட்ட கணக்கு சரியே. வண்டி 68 ஆண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது; பிறந்தவையும் பல பத்தாண்டுகள் உழைத்தன. ஆலையில் மிச்சமான சிறு தொகை, வேறொரு தலைமுறையின் உடையவர் தலையில் பெருந்தொகையாக விழுந்தது. மிச்சம் பிடித்தவர் ஒருவர். ஈடு செய்தவர் வேறொருவர்.

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இக்கணக்கு புதிதன்று. இரண்டு ஆண்டு வேலை என்று தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து இறங்கியவர் எத்தனை பேர்! தற்காலிகம்தானே என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர், பேரப் பிள்ளைகளையும் அவ்வூரிலேயே கண்டனர். அவர்களுள் சிலர் வந்த புதிதிலேயே, சில ஆண்டு வாழ்வுக்கு இது எதற்கு என்று எண்ணாமல், பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க ஒரு வகுப்பையும், கூடிப் பேச ஒரு சங்கத்தையும் அமைத்து வைத்தனர். மேலே தெரியாமல் அடியில் நின்று தாங்கும் சட்டங்கள் அவை. அவற்றுக்கு அன்றே காவல் செய்தவர் காலத்தைச் சரியாகக் கணித்தவர். பின்னாளில் உணர்ந்தவர்க்கும் வழி அடைபடவில்லை. வண்டியை முழுவதும் பிரித்துச் சட்டத்தை மாற்றும் உழைப்பு மட்டும் அவர்களுக்குக் கூடுதலாக வாய்க்கிறது.